சுவரில் ஏறிய நூற்றெட்டு

ஒன்பதாம் தரத்துக் கணிதப் புத்தகத்தில் விஞ்ஞானமுறைக் குறிப்பீடு என்று ஒரு பாடம் இருக்கிறது. மிகப் பெரிய எண்களையும் மிகச் சிறிய எண்களையும் சுருக்கி எழுதுகிற முறை. பதினைந்து கோடி என்று எழுத வேண்டிய இடத்தில், பின்னால் இழுபட்டு வரும் சைபர்களையெல்லாம் விட்டுவிட்டு 1.5 × 10⁸ என்று எழுதிவிடலாம். பத்தின் தோளில் குந்தியிருக்கும் அந்தச் சின்ன எட்டுத்தான், சுட்டி என்பது, முழு வேலையையும் செய்கிறது.

பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் பிடிக்காது. கடினம் என்று சொல்ல மாட்டேன். அதை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வட்டி, சதவீதம் என்றால் வீட்டில் யாராவது கேட்பார்கள். பத்தின் எட்டாம் வலுவைத் தோட்டத்து லயவீடுகளில் யார் கேட்கப் போகிறார்கள்? ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "இத வச்சு என்னங்க டீச்சர் செய்றது?" என்று கேட்கும். நானும் சூரியன், நட்சத்திரம், கிருமி என்று எதையாவது சொல்லி உட்கார வைப்பேன்.

நான் பதுளை நகரத்தில் குடியிருந்துகொண்டு, ஸ்பிரிங்வெளிப் பக்கமாக இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குத் தினமும் பஸ்ஸில் ஏறிப் போய்ப் படிப்பிக்கிறவள். பள்ளிக்கூடத்தின் நீளமான பக்கச் சுவர் பாதையைப் பார்த்தபடி நிற்கும். பாசி பிடித்து, தேர்தல் போஸ்டர் ஒட்டிக் கிழித்த தழும்புகளோடு, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. எங்கள் பள்ளியில் படித்து, இப்போது கொழும்பில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு திருவிழாவுக்கு வந்த சமயம் அந்தச் சுவரைப் பார்த்து மனம் வெந்து, பெயின்ட் முழுவதையும் தானே அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி லொறியில் டின்கள் வந்து இறங்கின.

எங்கள் அதிபருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சும்மா வெள்ளையடித்துவிட்டால் போதாது, அதை ஓர் "அறிவியல் சுவர்" ஆக்க வேண்டும் என்றார். ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது எழுதித் தர வேண்டும். சமய பாட ஆசிரியை ஆத்திசூடி கொடுத்தார். ஆங்கில ஆசிரியர் ஏதோ பொன்மொழி கொடுத்தார். நான் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரம் 1.5 × 10⁸ கிலோமீற்றர். ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 × 10⁸ மீற்றர். ஒரு பற்றீரியாவின் நீளம் 2 × 10⁻⁶ மீற்றர். தினமும் வாசலில் பார்த்தாலாவது அந்தப் பாடம் பிள்ளைகளின் தலையில் ஏறும் என்பது என் கணக்கு.

அதிபர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் யாருக்கு டீச்சர் விளங்கும்?"

"விளங்கத்தான் சேர் எழுதுறது."

"சரி சரி. பார்க்கப் பெரிய படிப்பு மாதிரித்தான் இருக்கு. போட்டுருவோம்" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தவணை விடுமுறை தொடங்கியது. என் கணவருக்கு மொனராகலையில் வேலை. விடுமுறையென்றால் நான் அங்கே இறங்கிவிடுவேன். அந்த வெயிலில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தபோது அதிபர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பாதையின் மறுபக்கத்திலிருந்து எடுத்தது. நடுவில் ஒரு முச்சக்கர வண்டி மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே நீல வானமும் மஞ்சள் சூரியனும் தெரிந்தன. சூரியனுக்குக் கண், மூக்கு, முறுக்கிய மீசை எல்லாம் இருந்தது. பெயின்டர் கோயில் வேலை செய்கிறவர் என்று அதிபர் முன்பே சொல்லியிருந்தார். கோபுரம், தேர், இடையிடையே பஸ்களுக்குப் பெயர் எழுதுவது என்று பதுளைப் பகுதியில் அவர் கை படாத இடம் குறைவு. நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன்.

தவணை தொடங்கிய முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். சுவர் அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. எழுத்துகள் ஒவ்வொன்றும் நிழல் வைத்து, ஓரம் கட்டி, பஸ் கண்ணாடியில் சாமி பெயர் எழுதுகிற மாதிரி மின்னின. பக்கத்தில் போய் என் மூன்று வரிகளையும் வாசித்தேன்.

"சூரியன் – பூமி தூரம் 1.5 × 108 கி.மீ."

எட்டு கீழே இறங்கி, ஒன்றுக்கும் சைபருக்கும் பக்கத்தில் அதே உயரத்தில், அதே பருமனில், தோளோடு தோள் ஒட்டி நின்றது.

நான் அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். நூற்றெட்டை ஒன்றரையால் பெருக்கினால் நூற்றி அறுபத்திரண்டு. எங்கள் சுவரின்படி சூரியன் நூற்றி அறுபத்திரண்டு கிலோமீற்றரில் இருந்தது. அதாவது கொழும்பை விடக் கிட்ட. கொழும்பு பஸ்ஸில் போனால் அவிசாவளை வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அடுத்த வரியைப் பார்த்தேன். ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 × 108 மீற்றர். முந்நூற்றி இருபத்துநான்கு. சத்தம்கூட அதைவிட வேகமாகப் போகும். எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் முதலில் இடி கேட்கும், அப்புறம்தான் மின்னல் தெரியும்.

மூன்றாவது வரியில் இன்னொரு விசேஷம். "ஒரு பற்றீரியாவின் நீளம் 2 × 10 – 6 மீற்றர்." இரண்டைப் பத்தால் பெருக்கி ஆறைக் கழித்தால் பதினான்கு. பதினான்கு மீற்றர் நீளமான பற்றீரியா. நான் வந்திறங்கிய பஸ்ஸைவிட நீளம். பெயின்டர் அதற்குப் படமும் வரைந்திருந்தார். பச்சை நிறத்தில், இரண்டு கண்ணோடு, கொஞ்சம் சிரித்தபடி.

நேரே அதிபரின் அறைக்குப் போனேன்.

"சேர், சுவர்ல இருக்கிற நம்பர் மூணும் பிழை."

அவர் பதறிப்போனார். "நீங்க குடுத்தத ஒரு எழுத்து மாத்தாமத்தானே டீச்சர் அனுப்பினேன்!" போனை எடுத்து, பெயின்டருக்கு அனுப்பிய செய்தியைத் தேடிக் காட்டினார். தாளைப் பார்த்து அவரே தட்டச்சு செய்திருந்தார். ஒரு எழுத்தும் மாறவில்லைதான். மேலே இருந்த எட்டை மேலே ஏற்ற அந்தப் போனில் அவருக்கு வழி தெரியவில்லை. அதனால் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"எட்டு எங்க இருந்தா என்ன டீச்சர்? எட்டு எட்டுத்தானே?"

அதிபரின் பாடம் வரலாறு. நான் மூச்சை இழுத்துவிட்டு, சூரியன் அவிசாவளைப் பக்கம் இருக்கிற கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. வெள்ளிக்கிழமை திறப்புவிழா. கொழும்புக்காரரும் கல்வி வலயத்திலிருந்து ஓர் அதிகாரியும் வரப்போகிறார்கள். அதிகாரி கணிதப் பட்டதாரி என்பது அப்போதுதான் அதிபருக்கு நினைவு வந்தது.

உடனே பெயின்டருக்கு அழைப்பு போனது. பகல் இடைவேளைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். நெற்றியில் திருநீறு, காதில் ஒரு தூரிகை. சுவருக்கு முன்னால் நின்று தன் வேலையை ஒரு முறை ரசித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இந்த எட்டு மேல இருக்கணும். சின்னதா."

"எந்த எட்டுங்க டீச்சர்?"

"இதோ, பத்துக்குப் பக்கத்துல இருக்கே."

"பத்தா? அது நூத்தியெட்டுங்க."

"இல்லண்ணே. பத்து. அதுக்கு மேல எட்டு."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "டீச்சர், நான் நாப்பது கோயில்ல நூத்தியெட்டு எழுதியிருக்கேன். நூத்தியெட்டுப் போற்றி, நூத்தியெட்டு விளக்கு, நூத்தியெட்டு சங்கு. எனக்கு நூத்தியெட்டு தெரியாதுங்களா? அதிபர் அனுப்பினதப் பார்த்ததும் எனக்கு ஒடம்பு சிலிர்த்துருச்சு. சூரிய பகவானுக்கும் நமக்கும் நடுவுல நூத்தியெட்டு! வெளிச்சத்துலயும் அதே நூத்தியெட்டு! சயின்ஸும் கடைசியில நம்ம பக்கம் வந்துருச்சேன்னு வீட்ல கூடச் சொன்னேன்."

"அது தற்செயலா வந்ததுண்ணே."

"எதுங்க தற்செயல்? ரெண்டு எடத்துல வந்திருக்கே."

சொல்லுக்குச் சொல் பதில் வைத்திருந்தார். நான் வேறு வழியில் வந்தேன். கையில் வெண்கட்டி எடுத்து, எட்டைச் சின்னதாக மேலே எழுதிக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தது.

"நல்லாயில்லீங்க. மறந்துட்டு அப்புறமா சொருகின மாதிரி இருக்கு. நாளைக்குப் பாக்கிறவன், பெயின்டர் எட்ட விட்டுட்டு ஓரத்துல சேர்த்துட்டான்னு சொல்வான். எழுத்துன்னா ஒரே மட்டத்துல நிக்கணும். சின்னதா எழுதி எனக்குப் பழக்கமுமில்ல."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் 108 இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. சூரியனின் மீசைக்கு மேலே ஓர் ஆணியில் செவ்வந்தி மாலை தொங்கியது. கீழே சூடம் எரிந்த கரி. வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்று தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "நீங்கதானுங்களாமே எழுதக் குடுத்தீங்க? நல்லாயிருப்பீங்க டீச்சர்" என்றாள். பதினேழு வருட உத்தியோகத்தில் அந்தப் பாடத்துக்காக யாரும் என்னை வாழ்த்தியதில்லை. பற்றீரியாவுக்குக்கூட யாரோ ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

செய்தி எப்படிப் பரவியது என்று கேட்கத் தேவையில்லை. பெயின்டர் முந்தின நாள் மாலையே தோட்டக் கோயில் கமிட்டித் தலைவரிடம் போய், டீச்சர் நூற்றெட்டை அழிக்கச் சொல்கிறார் என்று முறையிட்டிருக்கிறார். தலைவர் பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. கோபப்பட்டுப் பேசுகிற ஆளில்லை. அதனாலேயே அவரோடு வாதாடுவது கஷ்டம்.

அதிபரின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். அதிபர், தலைவர், பெயின்டர், நான். பிளேன்டீ வந்தது.

"டீச்சர்," என்றார் தலைவர், "நீங்க படிச்சவங்க. பிழைன்னா பிழைதான். ஆனா எழுதி, மாலை போட்டு, சூடம் காட்டின நூத்தியெட்ட அழிச்சா நாளைக்குத் தோட்டத்துல ஒரு காய்ச்சல் வந்தாலும் ஒங்க பேரத்தான் சொல்லுவாங்க. அதையும் யோசிங்க."

நான் ஒரு தாளை எடுத்து, பத்துக்கு மேலே எட்டு என்றால் பத்தை எட்டுத் தடவை பெருக்குவது, அதாவது ஒன்றுக்குப் பின்னால் எட்டு சைபர் என்று எழுதிக் காட்டினேன். தலைவர் கவனமாகப் பார்த்தார். கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா பதினஞ்சு கோடி."

"ஆமாங்க!"

"அப்ப சைபரெல்லாம் போட்டே முழுசா எழுதிருங்களேன். அந்த நூத்தியெட்டுப் பக்கத்துல. எதுக்கு இந்த ஏத்தி எறக்குற வேலை?"

நான் பதில் சொல்வதற்குள் பெயின்டர் துள்ளினார். "எங்கங்க எழுதுறது? நம்ம எழுத்துப் பருமனுக்கு ஒம்போது நம்பர் போட்டா வாசக்கதவு மேல போய் ஏறும். வெளிச்சத்தோட வேகத்துக்கும் அப்படி எழுதணும்னா அடுத்த கட்டடச் சுவரையும் கேக்கணும். எடமே இல்லீங்க!"

"அதுக்குத்தானே அண்ணே!" என்று நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். "எடம் இல்லைன்னுதான் இப்படிச் சுருக்கி எழுதுறது! அதுதான் இந்தப் பாடமே!"

பதினேழு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலை ஒரு பெயின்டரின் இடப்பிரச்சினை சொல்லிக் கொடுத்துவிட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் கண் கலங்கியது. மற்ற மூன்று பேரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். அதிபர் என் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

அந்தச் சந்தோஷத்தால் காரியம் ஒன்றும் நடக்கவில்லை. சுருக்கி எழுதுவது நல்லதுதான், ஆனால் நூற்றெட்டை அழிக்கக் கூடாது என்பதில் தலைவர் அசையவில்லை. அதிகாரி வருவதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் தன் மானம் போகும் என்றார் அதிபர். நூற்றெட்டுக்கு முன்னால் ஒரு பூச்சாடியை வைத்து மறைக்கலாமா என்றும் கேட்டார். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

அடுத்த பாடவேளை எனக்கு ஒன்பதாம் தரம். மனம் சரியில்லை. பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாதே என்று பலகையில் ஒரு கணக்கு எழுதிப் போட்டேன். சூரியனின் விட்டம் 1.39 × 10⁶ கிலோமீற்றர். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 1.5 × 10⁸. இந்தத் தூரத்தில் எத்தனை சூரியன்களை வரிசையாக அடுக்கலாம்? வகுத்தல் பயிற்சிக்கு அந்த நேரம் வாய்க்கு வந்த கணக்கு. விடை என்னவென்று நான் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் ஒன்று தசம் ஐந்தை ஒன்று தசம் மூன்று ஒன்பதால் வகுக்கத் தொடங்கினார்கள். நான் ஜன்னல் வழியே மாலை போட்ட சுவரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அது முன்னால் பரவி வந்தது.

"டீச்சர், நூத்தி ஏழு தசம் ஒம்போது வருதுங்க."

"கிட்டிய முழு எண்ணுக்கு எழுதுங்க" என்றேன், திரும்பாமலே.

பென்சில்கள் விடையைத் திருத்தின. பிறகு முப்பது குரலும் சேர்ந்து அலறின. "நூத்தியெட்டு!"

நான் திரும்பினேன். நானே பலகையில் போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். 107.9. சந்தேகமில்லை. சூரியனின் விட்டத்தைப் போல நூற்றெட்டு மடங்கு தூரத்தில்தான் நாம் இருக்கிறோம். பிள்ளைகள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தார். விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் ஒரு வகுத்தலுக்கு இலங்கைத் தீவில் எங்கேயும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பெயின்டர் தனக்கு உடம்பு சிலிர்த்ததாகச் சொன்னது நினைவுக்கு வந்து எரிச்சலூட்டியது. இன்னும் துல்லியமான அளவுகளை எடுத்துக் கணக்குப் போட்டேன். நூற்றி ஏழரையை ஒட்டி வந்தது. பூமி சூரியனைச் சுற்றும்போது தூரம் கூடிக் குறைவதால், வருடத்தில் ஒரு காலம் நூற்றி ஆறுக்குக் கிட்டவும் இன்னொரு காலம் நூற்றி ஒன்பதைத் தாண்டியும் போகும். நடுவில் எப்படியும் நூற்றெட்டைக் கடந்தாக வேண்டும். மனசாட்சி சமாதானமானது.

காலையில் தலைவரையும் பெயின்டரையும் வரச் சொல்லி, கணக்கை வைத்தேன். நூற்றெட்டுக்குச் சுவரில் அதற்கென்று தனி இடம் தருவோம். "சூரியனின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் பூமி இருக்கிறது" என்று சூரியனுக்கு நேர் கீழே எழுதுவோம். பதிலுக்கு, கீழே இருக்கிற இரண்டு எட்டும் பத்தின் தோளில் ஏற வேண்டும்.

பெயின்டர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் சொன்னேன்ல டீச்சர், தற்செயல் இல்லைன்னு."

தலைவர் தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்தார். "இது எதுக்குங்க, இந்த ஏறக்குறைய? சாமி நம்பருக்கு முன்னால போய் ஏறக்குறையன்னு போடலாங்களா?"

"அது இல்லாம நான் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றேன். யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னதில் ஒரு கனம் இருந்தது.

பெயின்டர்தான் தீர்த்துவைத்தார். "விடுங்க தலைவரே. நான் அந்த ஒரு வார்த்தைய மேல் வரியில பொடியா, வெளிர் நெறத்துல போட்டுர்றேன். பாக்குறவங்களுக்குப் பட்டும் படாம இருக்கும்."

"சின்னதா எழுதிப் பழக்கமில்லைன்னீங்களே அண்ணே?"

"தேவைன்னா வரும்ங்க" என்றார் கூச்சமில்லாமல்.

இன்னொரு சிக்கல் இருந்தது. பூசை நடந்த நூற்றெட்டின் மேல் எடுத்த எடுப்பில் பெயின்ட் பூச முடியாது. கோயிலில் திருப்பணி தொடங்கும்போது சாமியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பாலஸ்தாபனம் செய்து, வேலை முடியும்வரை வேறிடத்தில் வைப்பார்கள். அதே முறையில் செய்தால் தோட்டத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார் தலைவர். அதிபர் கொஞ்சம் நெளிந்தார். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை ராகுகாலம் தவிர்த்து, பூசாரி வந்து, மந்திரம் சொல்லி, இரண்டு நூற்றெட்டையும் ஒரு செம்புக்கு மாற்றினார். மாவிலை, தேங்காய், மஞ்சள் நூல் எல்லாம் முறையாக இருந்தது. கும்பத்தை எங்கே வைப்பது? பூட்டிப் பாதுகாக்கக்கூடிய ஒரே அறை அதிபருடையது. அவருடைய மேசையின் நடுவில் வைத்துவிட்டார்கள். அன்று முழுவதும் அதிபர் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். மேசை லாச்சியை இழுத்தால் செம்பு ஆடுகிறது. மத்தியானம் ஒரு ஆசிரியருக்கு லீவுப் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. "அது உள்ள இருக்கு சேர். நாளைக்கு வாங்க. நூத்தியெட்டு போனதும் தாறேன்" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கோழிக்கறிச் சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுபோய் விஞ்ஞான அறையில் நின்றபடி சாப்பிட்டார்.

வெளியே பெயின்டர் வேலையில் இருந்தார். கீழே இருந்த எட்டுகளின் மேல் நீலம் பூசினார். பழைய நீலத்தோடு புதிய நீலம் சேரவில்லை. இரண்டு இடத்திலும் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் இடுப்பில் கை வைத்து நின்றவர், வெள்ளையை எடுத்துத் திட்டுகளை இரண்டு மேகமாக்கிவிட்டார். பிறகு ஏணியில் இன்னொரு படி ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சின்ன எட்டை மேலே எழுதினார். இறங்கிவந்து தூரத்தில் நின்று பார்த்தார்.

"மேகத்து மேல உக்காந்த மாதிரி இருக்கு டீச்சர். பரவாயில்ல."

பற்றீரியாவின் வரியில், கழித்தல் அடையாளத்தோடு ஆறையும் மேலே ஏற்றினார். அந்தக் கோட்டைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எதற்காக ஒரு நம்பருக்கு முன்னால் கோடு? பெருக்குவதற்குப் பதிலாகப் பத்தால் ஆறு தடவை பிரிக்க வேண்டும் என்பதற்கு என்று சொன்னேன். "அப்ப கூடுறதுக்கும் கொறையுறதுக்கும் அந்த ஒரு கோடுதான் வித்தியாசமா?" என்று கேட்டு, கோட்டை இன்னொரு தடவை அழுத்திப் பூசினார். அந்த வாரம் முழுவதும் அவரோடு சண்டை போட்டதெல்லாம் எனக்கு அந்த இடத்தில் மறந்துபோயிற்று.

மாலையில் சூரியனுக்குக் கீழே புதிய வரி எழுந்தது. 108 மட்டும் பொன்னிறத்தில், கோபுரத்துக் கலசம் மாதிரி. பூசாரி கும்பத்தைக் கொண்டுவந்து தீர்த்தம் தெளித்து அங்கே குடியேற்றினார். அதிபர் தன் அறைக்கு ஓடிப்போய் லாச்சியைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கொழும்புக்காரர் ரிப்பன் வெட்டினார். தான் படித்த காலத்தில் இந்தச் சுவரில் சாய்ந்து நின்று அடிவாங்கியதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலயத்து அதிகாரி சுவரைப் பார்வையிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் முதல் வரியை வாசித்தார், இரண்டாம் வரியை வாசித்தார், பற்றீரியாவைக் குனிந்து பார்த்தார்.

"நல்ல வேலை" என்றார். "சுட்டிகளை இவ்வளவு தெளிவா எங்கேயும் போட மாட்டாங்க. எல்லாரும் கீழே எழுதிருவாங்க."

அதிபர் மேலே பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"ஒரே ஒரு விஷயம். சூரியனுக்கு எதுக்கு மீசை?"

பெயின்டர் கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "மீசை இல்லாம எப்படிங்க சேர் சூரிய பகவான்?"

அதிகாரி பொன்னிற வரியையும் வாசித்தார். "ஏறக்குறைய" அவர் கண்ணில் பட்டதோ இல்லையோ தெரியாது. போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை போட்டார். பிறகு யாரும் பார்க்காதபடி, அல்லது பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த 108-ஐ விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தவணைப் பரீட்சையில் விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டுக்கு ஒரு வினா கொடுத்தேன். வழக்கமாகப் பாதி வகுப்பு எட்டைப் பத்தின் பக்கத்தில் எழுதிவைக்கும். இந்த முறை ஒரு பிள்ளைகூட அப்படி எழுதவில்லை. சுட்டியை மேலே எழுத வேண்டும் என்பது எல்லாருக்கும் நன்றாகவே பதிந்துவிட்டது. சிலருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பதிந்துவிட்டது. எட்டை அவர்கள் ஏற்றிய உயரத்தில் அது முந்தைய வினாவின் விடைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வினாவுடையதா நான்காம் வினாவுடையதா என்று கண்டுபிடிக்க முடியாமல், சிவப்புப் பேனாவால் ஒவ்வோர் எட்டிலிருந்தும் அதன் பத்துக்கு அம்புக்குறி போட்டு இறக்கினேன். எல்லாருக்கும் முழுப் புள்ளியும் கொடுத்தேன்.